ஃபீ-பீ-ஓவும் ஃபிட்ஸ்-பியூவும்: குரலால் மட்டும் வேறாகிய இரண்டு குருவிகள்

கடந்த ஆண்டு ஜூனில் மச்சாளின் கலியாணத்துக்காக மூன்று வாரம் ரொறன்ரோவில் நின்றேன். கலியாணம் முடிந்து மூன்றாம் நாள், விடியப்புறம் நாலரை மணிக்குத் தாய்மாமன் வந்து அறைக் கதவைத் தட்டினார். "பிள்ளை, வாறியே? தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன்." எங்கே என்று கேட்கிற அளவுக்குக்கூட எனக்கு நித்திரை கலையவில்லை. காரில் ஏறிவிட்டேன்.

ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில், ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழுகிற இடத்தில் ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. சம்புப் புல்லும் அதன் ஓரத்தில் வில்லோப் பற்றைகளுமாக ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. மாமாவின் கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. அவர் அதைத் தூக்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்குக் குளிரில் பல் கிட்டியது.

"ஃபிட்ஸ்-பியூ."

யாரோ சின்னதாகத் தும்மியது போல இருந்தது. திரும்பவும் அதே சத்தம். பற்றையின் உச்சியில் ஒரு காய்ந்த குச்சியில், சிட்டுக்குருவியிலும் சிறிய பறவை ஒன்று தலையைப் பின்னால் எறிந்து கத்திக்கொண்டிருந்தது. முதுகு சாம்பலும் ஒலிவ் பச்சையும் கலந்த நிறம். சிறகில் வெளிறிய இரண்டு கோடுகள். வேறு எதுவுமில்லை. இதைப் பார்க்கவா நாலரைக்கு எழுப்பினார் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

"இது வில்லோ" என்றார் மாமா. "இதின்ர சகோதரம் ஒண்டு இருக்கு, ஆல்டர். ரெண்டும் ஒரே மாதிரி. பார்த்துச் சொல்ல ஏலாது."

"வடிவாப் பார்த்தாலுமா?"

"கையில பிடிச்சு வைச்சுப் பார்த்தாலும்தான். வாய் திறந்தாத்தான் ஆர் எண்டு தெரியும்."

மாமா கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிற ஆள். அதனால் நான் நம்பவில்லை. பிறகு தேடி வாசித்தபோதுதான் அவர் கூட்டவில்லை என்று தெரிந்தது. அந்த வாசிப்பில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த இரண்டு பறவைகளும் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரிய ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் அந்தக் குடும்பத்தின் பெயரைத் தமிழாக்கினால் 'கொடுங்கோல் ஈப்பிடிப்பான்கள்' என்று வரும். 400க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனை வரை பரந்திருக்கின்றன. நம் ஊரில் ஈப்பிடிப்பான் என்று அழைக்கப்படுபவை வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. தொழில் ஒன்று, வம்சம் வேறு. குச்சியில் காத்திருந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து, மீண்டும் அதே குச்சிக்கு வந்து அமர்வதுதான் தொழில். யாழ்ப்பாணத்தில் மின்கம்பியில் இருந்துகொண்டு கரிச்சான் செய்வதும் அதுதான்.

'கொடுங்கோலன்' என்ற பெயர் இந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பினரால் வந்தது. அரசப்பறவை என்று அழைக்கப்படும் அது, தன் கூட்டுப் பக்கம் வருகிற பருந்தைக்கூடத் துரத்தித் துரத்திக் கொத்தும். கரிச்சான் காகத்தைத் துரத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் மாமா காட்டிய குருவியிடம் கொடுங்கோன்மை எதுவும் கிடையாது. எடை சுமார் 13 கிராம். அது சேர்ந்த பேரினத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த கிரேக்கப் பெயர் 'எம்பிடோனாக்ஸ்'. கொசுக்களின் அரசன் என்று பொருள். அந்தப் பட்டம் பொருந்துகிறது.

வட அமெரிக்காவில் பறவை பார்ப்பவர்களுக்கு இந்தப் பேரினத்தின் பெயரைச் சொன்னாலே தலையிடி. இதில் சுமார் 15 இனங்கள் உண்டு. அநேகமாக எல்லாமே சாம்பல், ஒலிவ், வெளிறிய மஞ்சள். எல்லாவற்றுக்கும் சிறகில் இரண்டு கோடு. அவற்றுள்ளும் ஆல்டரும் வில்லோவும் மற்றவற்றை விட நெருங்கியவை. எவ்வளவு நெருக்கம் என்றால், 1973 வரை இவை இரண்டு இனங்கள் என்றே உத்தியோகபூர்வமாக ஏற்கப்படவில்லை.

கதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்குகிறது. பறவைகளை வரைந்து புகழ்பெற்ற ஜோன் ஜேம்ஸ் ஓடுபோன் ஆர்கன்சாஸ் புல்வெளியில் கிடைத்த ஒரு ஈப்பிடிப்பானைப் புதிய இனம் என்று விவரித்தார். ஸ்கொட்லாந்தின் வைத்தியரும் தன் நண்பருமான தோமஸ் ட்ரெயிலின் பெயரை அதற்கு வைத்தார். அந்தக் குருவியை ஒருபோதும் பார்த்திராத ஒருவரின் பெயர், அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு இரண்டு இனங்களையும் சேர்த்து மூடிவிட்டது. 1895இல் வில்லியம் புரூஸ்டர் என்ற பறவையியலாளர், வடகிழக்கில் மேய்ன் மாநிலத்துப் பறவை கொஞ்சம் வேறுபடுகிறது என்று எழுதினார். ஆனால் அவரும் அதைத் தனி இனமாக்கவில்லை. ஓர் உபஇனம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

ஏன் இவ்வளவு காலம் எடுத்தது? அந்தக் காலத்தில் பறவையியல் என்பது சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, அருங்காட்சியக இழுப்பறையில் வரிசையாக வைத்து, அளவுகோலால் அளப்பது. பஞ்சடைத்த பறவை பாடாது. சிறகு நீளம், அலகு அகலம், வால் நீளம் எல்லாம் அளந்தார்கள். ஒன்றின் அளவுகள் மற்றதன் அளவுகளுக்குள் போய் விழுந்தன. வித்தியாசம் இருந்தது குரலில். குரலை இழுப்பறையில் வைக்க வழியிருக்கவில்லை.

அந்த வழி வந்தது போரிலிருந்து. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், ஒலியைக் கடதாசியில் படமாக வரைந்து காட்டும் கருவி உருவானது. இராணுவம் அதில் அக்கறை காட்டியது. போர் முடிந்த பிறகு அது பறவையியலாளர்களின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. காது 'ஏதோ வேறு மாதிரி இருக்கிறது' என்று சொன்னதை, இப்போது கோடுகளாகப் பார்க்கவும் ஒப்பிடவும் முடிந்தது.

ரொபர்ட் ஸ்டெய்ன் என்ற ஆய்வாளர் இந்தக் குருவிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். 1963இல் வெளியான அவருடைய ஆய்வு, ட்ரெயில் ஈப்பிடிப்பான் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு கூட்டங்கள் வாழ்கின்றன என்று காட்டியது. ஒன்று 'ஃபீ-பீ-ஓ' என்று பாடும். மற்றது 'ஃபிட்ஸ்-பியூ' என்று பாடும். இரண்டும் சந்திக்கிற இடங்களிலும் ஒன்றோடொன்று கலக்காமல், தத்தம் குரலுடையவையோடு சேர்ந்துதான் குடும்பம் நடத்துகின்றன. இன்னும் 10 ஆண்டுகள் கழித்து, 1973இல், அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் இரண்டையும் தனித்தனி இனங்களாக ஏற்றது. ஓடுபோன் விவரித்தது ஃபிட்ஸ்-பியூப் பறவையைத்தான் என்று முடிவானதால், ட்ரெயிலின் பெயர் வில்லோவின் விஞ்ஞானப் பெயராக மிஞ்சியது. ஆல்டருக்கு 1895இல் புரூஸ்டர் வைத்த பெயர் மீண்டது.

ஒரு வாரம் கழித்து மாமா என்னை வடக்கே கூட்டிப்போனார். கார்டன் சமவெளி என்று இடத்தின் பெயர். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். பாதை முழுக்கப் பழைய எம்.ஜி.ஆர். பாட்டு. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மண் மெல்லியதாகப் படிந்திருக்கிற இடம் அது. எனக்கு உடனே வலிகாமம் ஞாபகம் வந்தது. சதுப்போரம் ஒன்றில் கார் நின்றது. ஆல்டர் என்பது ஈரநிலத்தில் பற்றையாக வளரும் ஒரு மரம். நம்முடைய ஆலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்தப் பற்றைக்குள்ளிருந்து வந்தது வேறு சத்தம். தும்மல் மாதிரி இல்லை. நடு அசை உயர்ந்து, கடைசி அசை தேய்ந்து விழுந்தது. ஃபீ-பீ-ஓ.

"இப்ப சொல்லு பாப்பம், ரெண்டும் ஒண்டோ?"

ஒன்றில்லை. கேட்ட பிறகு எவராலும் ஒன்றென்று சொல்ல முடியாது. ஆனால் பற்றையிலிருந்து வெளியே வந்து குச்சியில் இருந்தபோது எனக்கு அது ரூஜ் ஆற்றங்கரையில் பார்த்த அதே குருவிதான். படம் எடுத்தேன். இரண்டு படங்களையும் இன்றைக்கு அடுத்தடுத்து வைத்தால் கோப்பின் திகதியைப் பார்த்துத்தான் எது எது என்று சொல்லுவேன்.

பாட்டைத் தவிர வேறு வித்தியாசங்களும் இருக்கின்றன. பாடாத நேரத்தில் எழுப்பும் ஒற்றைச் சத்தம் ஆல்டருக்கு 'பிப்', வில்லோவுக்கு 'விட்'. இதற்குக் காது நன்றாகப் பழக வேண்டும். ஆல்டர் வடக்கின் பறவை. அலாஸ்கா தொடங்கிக் கனடா முழுவதும் பரந்து அமெரிக்காவின் வடகிழக்கு வரை, ஈரமான பற்றைகளில் கூடு கட்டும். வில்லோ பெரும்பாலும் அதற்குத் தெற்கே. ஆற்றங்கரைப் பற்றைகளில் வாழும். இன்னும் கொஞ்சம் காய்ந்த, திறந்த இடங்களையும் ஏற்றுக்கொள்ளும். தென் ஒன்ராறியோவில் இரண்டும் சந்திக்கின்றன. கூட்டிலும் ஒரு போக்கு உண்டு. வில்லோவின் கூடு பஞ்சு வைத்து நெருக்கமாகப் பின்னியதாக இருக்கும். ஆல்டரின் கூடு அதைவிடத் தாழ்வான இடத்தில், நார்கள் வெளியே தொங்க, அவசரத்தில் கட்டியது போல இருக்கும். குளிர்காலத்துக்கு வில்லோ மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்காவின் வட முனை என்று போகும். ஆல்டர் அதையும் தாண்டித் தென்னமெரிக்காவின் உட்பகுதிக்குள் போய்விடும். 13 கிராம் எடையோடு ஆண்டுக்கு இரண்டு தடவை இந்தப் பயணம். வசந்தத்தில் வட நாடுகளுக்குக் கடைசியாக வந்து சேரும் பறவைகளில் இவையும் அடங்கும். மே மாதக் கடைசியாகிவிடும்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது?

உலகில் உள்ள பறவை இனங்களில் கிட்டத்தட்டப் பாதி, 'பாடும் பறவைகள்' என்ற கிளையைச் சேர்ந்தவை. மைனா, குண்டுக்கரிச்சான், கரிச்சான், காகம்கூட அதில் அடங்கும். இவை குழந்தைகளைப் போலப் பாட்டைக் கேட்டுப் பழகுகின்றன. தகப்பனையோ அயலவரையோ கேட்காமல் வளர்ந்த குஞ்சு சரியாகப் பாடாது. ஊருக்கு ஊர் பாட்டு மாறும். யாழ்ப்பாணத் தமிழுக்கும் மட்டக்களப்புத் தமிழுக்கும் உள்ளது போன்ற வழக்கு வேறுபாடுகள் அவற்றுக்கும் உண்டு.

கொடுங்கோல் ஈப்பிடிப்பான்கள் அந்தக் கிளையில் இல்லை. அமெரிக்கப் பறவையியலாளர் டொனால்ட் க்ரூட்ஸ்மா, ஆல்டர், வில்லோ இரண்டினதும் பறக்கத் தொடங்காத குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்துக் கையால் ஊட்டி வளர்த்தார். ஆல்டர் குஞ்சுகளுக்கு வில்லோவின் பாட்டைப் போட்டுக் கேட்க வைத்தார். வில்லோக் குஞ்சுகளுக்கு ஆல்டரின் பாட்டு. வளர்ந்து வாய் திறந்தபோது ஆல்டர் ஃபீ-பீ-ஓ என்றது. வில்லோ ஃபிட்ஸ்-பியூ என்றது. கேட்டு வளர்ந்த பாட்டின் சாயல்கூட ஒட்டவில்லை. 1984இல் இந்த ஆய்வு வெளியானது. 1991இல் அவரும் மசகாசு கொனிஷியும் சேர்ந்து, இதே குடும்பத்தில் ஃபீபி என்ற இன்னொரு பறவையை ஆராய்ந்தார்கள். செவிப்புலன் நீக்கப்பட்ட குஞ்சுகள், தங்கள் சொந்தக் குரலையே கேட்காமல் வளர்ந்தும், பிழையில்லாமல் பாடின. பாட்டு முட்டைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

இதை வாசித்த இரவு, 'தாய்மொழி இரத்தத்தில் இருக்கிறது என்பதற்கு இதோ விஞ்ஞானம்' என்று ஒரு கட்டுரையின் தொடக்கம் என் தலைக்குள் ஓடியது. அப்படிக் கட்டுரைகள் நம்மிடையே நிறைய வருகின்றன. நல்லவேளை, எழுதவில்லை. மறுநாள் காலை மாமாவின் ஐந்து வயதுப் பேரன் மேசையில் இருந்து பாணைத் தின்றுகொண்டு, "அம்மம்மா, ஐ டோன்ட் வோன்ட் திஸ்" என்றான். அம்மம்மா என்ற சொல்லைக்கூடக் கனடாக்காரர் போலத்தான் உச்சரித்தான். அவன் கூட்டில் நாள் முழுக்கத் தமிழ்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் போதுமாக இருந்தது. நாங்கள் கரிச்சானின் பக்கம். ஆல்டரின் பக்கம் இல்லை. எங்களுடைய குரல் சொல்லிக் கொடுத்து வருவது. சொல்லிக் கொடுக்காவிட்டால் போய்விடும்.

அன்றைக்குக் காரில் இதை மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 83 ஆடியைச் சொன்னார். இதற்கு முதல் எனக்கு அவர் அதைச் சொன்னதில்லை. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர். அயலில் முழுக்கச் சிங்களப் பிள்ளைகள். காலி வீதியில் பஸ்ஸை மறித்து ஏறியவர்கள் கையில் ஒரு வாளி.

"'மேக்க மொக்கத?' எண்டு ஒவ்வொருத்தராக் கேட்டாங்கள். 'பால்திய' எண்டு சொல்லவேணும். எங்கட ஆக்களின்ர வாயில அது 'வால்திய' எண்டு வந்திடும். எனக்குச் சரியா வந்தது. சின்னனில ரோட்டில விளையாடேக்க வந்த வாய். எனக்கு ரெண்டு சீற்றுக்கு முன்னால இருந்தவருக்கு வரேல்லை."

முன் சீற்றுக்காரர் என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வாளியைக் காட்டிச் சொல் கேட்ட கதையை நம்மில் பலர் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருப்போம். 'ஆல்டருக்கு அது ஏலாது என்ன' என்று மட்டும் மாமா பிறகு சொன்னார். ஆல்டருக்கு அப்படிக் கேட்பவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

குரலைப் பற்றி எனக்கும் தொழில்ரீதியான ஒரு பழக்கம் இருக்கிறது. ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் முகத்தை மறைப்பது எப்படி என்று சொல்லித் தந்தார்கள். வேலைக்கு வந்த பிறகுதான், முகத்தை மறைத்தும் குரலை மாற்றாமல் விட்டால் மறைத்ததில் பயனில்லை என்று விளங்கியது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், காணி வழக்கில் இருப்பவர்கள், தடுப்பில் இருந்து வந்தவர்கள் பேசிய ஒலிப்பதிவுகளில் சுருதியைக் கூட்டியும் குறைத்தும் எத்தனையோ இரவுகள் இருந்திருக்கிறேன். ஒருமுறை ஒரு செய்தி நிறுவனம் மாற்றாத கோப்பையே தவறுதலாக ஒலிபரப்பிவிட்டது. பெயரில்லை, படமில்லை. இருந்தும் மறுநாளே அந்த அம்மாவின் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். 'எப்பிடித் தெரிஞ்சது?' என்று அவர் என்னைக் கேட்டார். பதில் அவருக்கும் தெரியும்.

குருவிகளிடம் திரும்புகிறேன். குரலால் பிரித்துப் பெயர் வைப்பது விஞ்ஞானிகளின் பொழுதுபோக்கு மட்டும்தானா என்றால், இல்லை. அமெரிக்காவின் தென்மேற்கில் அது நீதிமன்றம் வரை போன விடயம்.

வில்லோ ஈப்பிடிப்பானுக்குள்ளேயே சில உபஇனங்கள் உண்டு. அவற்றில் ஒன்று தென்மேற்கு வில்லோ. அரிசோனா, நியூ மெக்சிக்கோ, தென் கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, கொலராடோ போன்ற வறண்ட மாநிலங்களின் ஆற்றங்கரைகளில் வாழ்கிறது. அணைகள் கட்டப்பட்டன, ஆறுகள் திருப்பப்பட்டன, நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டது, கரையோரத்தை மாடுகள் மேய்ந்தன. வில்லோப் பற்றைகள் போயின. போதாததற்கு, குயில் காகத்தின் கூட்டில் செய்வதைப் போல, கௌபேர்ட் என்ற பறவை இதன் கூட்டில் முட்டையிட்டுப் போகும். 1995இல் இந்த உபஇனம் அழியும் ஆபத்திலுள்ளதாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டது. 2007ஆம் ஆண்டுக் கணக்கில் மொத்தம் சுமார் 1,300 ஆட்சிப் பரப்புகள்தான். ஒரு பரப்பு என்பது பெரும்பாலும் ஒரு சோடி.

கணக்கெடுக்கும் முறையைக் கேளுங்கள். விடியப்புறம் ஆற்றங்கரைக்குப் போவார்கள். ஃபிட்ஸ்-பியூ ஒலிப்பதிவை ஒலிக்க விடுவார்கள். பிறகு மௌனமாக நின்று கேட்பார்கள். பற்றைக்குள்ளிருந்து பதில் வந்தால் ஒன்று என்று எழுதுவார்கள். இந்தப் பறவையின் வாழ்விடத்தைக் காக்கும் சட்டம் எந்த ஆற்றங்கரையில் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் அந்தப் பதில் குரலுக்கும் பங்கிருக்கிறது.

இதில் ஒரு விசித்திரமான திருப்பமும் உண்டு. வில்லோ போன இடங்களில் தாமரிஸ்க் என்ற வெளிநாட்டு மரம் படர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அலங்காரத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் கொண்டுவரப்பட்டது. தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறது என்று அதன்மேல் குற்றச்சாட்டு. அதை அழிக்க, அதன் இலையைத் தின்னும் வண்டு ஒன்றை 2001இல் அரசே வெளியில் விட்டது. வண்டு எதிர்பார்த்ததிலும் தூரம் பரவியது. ஆனால் வில்லோ இல்லாத இடங்களில் ஈப்பிடிப்பான் அந்த வெளிநாட்டு மரத்தில்தான் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. கூட்டுக்காலத்தில் இலை கொட்டினால் குஞ்சுக்கு நிழலுமில்லை, மறைவுமில்லை. வழக்குப் போட்டார்கள். 2010இல் விவசாயத் திணைக்களம் வண்டு விடும் திட்டத்தை நிறுத்தியது. ஏற்கனவே விட்ட வண்டை யாரால் திருப்பிக் கூப்பிட முடியும்?

பிறகு 2015இல் வேறு திசையிலிருந்து ஒரு மனு வந்தது. கால்நடை வளர்ப்போரின் பக்கத்தில் நின்று சமர்ப்பிக்கப்பட்ட மனு. பறவை ஆபத்தில் இல்லை என்பது அதன் மையவாதமாக இருக்கவில்லை. 'தென்மேற்கு வில்லோ என்று தனியான ஒன்றே இல்லை, அது மற்ற வில்லோக்களில் ஒன்றுதான், எனவே பட்டியலிலிருந்து எடுங்கள்' என்பதே வாதம். அந்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை அதற்குத் துணையாக நின்றது. வேறு ஆய்வாளர்கள் மறுத்து எழுதினார்கள். மரபணு, நிறம் எல்லாம் விவாதிக்கப்பட்டன. தென்மேற்கின் ஃபிட்ஸ்-பியூவுக்கும் வடக்கே உள்ள அயல் உபஇனத்தின் ஃபிட்ஸ்-பியூவுக்கும் அளக்கக்கூடிய வித்தியாசம் உண்டு என்று 2001இலேயே ஓர் ஆய்வு காட்டியிருந்தது. 2017 டிசெம்பரில் மத்திய அரசின் வனசீவராசிகள் சேவை மனுவை ஏற்க மறுத்தது. உபஇனம் உண்டு, பாதுகாப்பும் தொடரும் என்றது.

ஒரு கூட்டத்துக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நேரே சொல்வது கடினம். அப்படியொரு கூட்டமே இல்லை என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும். இந்த வாதத்தை நான் பறவைகளைப் பற்றிய கோப்பில் முதல்முறையாக வாசித்தேன். கேட்டது முதல்முறை இல்லை.

அதற்காக, பிரிப்பது எப்போதும் நியாயம், சேர்ப்பது எப்போதும் அநியாயம் என்றும் சொல்ல வரவில்லை. இதே பேரினத்தில் மேற்கு ஈப்பிடிப்பானை 1989இல் இரண்டு இனங்களாகப் பிரித்தார்கள். இரண்டும் சந்திக்கிற பகுதிகளில் கலந்தே வாழ்கின்றன, குரலும் நடுவே எங்கோ நிற்கிறது என்று கண்டபிறகு, 2023இல் மீண்டும் ஒன்றாக்கிவிட்டார்கள். அங்கே கலக்கின்றன, இங்கே கலக்கவில்லை. பார்த்து, கேட்டு எடுத்த முடிவுகள் இரண்டும்.

கேட்பதற்குக் குரல் இல்லாதபோது என்ன செய்வது? ஜூலை கழிந்தால் இந்தக் குருவிகள் பாடுவதைக் குறைத்துவிடும். ஓகஸ்டில் தெற்கே கிளம்பும்போது பெரும்பாலும் மௌனம். கூடு விட்டு வந்த இளசுகளும் கூட. அந்தப் பருவத்தில் வலையில் பிடித்துக் காலில் வளையம் போடுகிறவர்கள் சிறகை அளந்து பார்ப்பார்கள். பல பறவைகளுக்கு அளவும் உதவாது. அப்போது அவர்கள் பதிவேட்டில் எழுதுவது அந்தப் பழைய பெயரைத்தான்: ட்ரெயில். 1973இல் ஓய்வு கொடுக்கப்பட்ட பெயர் இன்றைக்கும் உயிரோடு இருப்பது இதற்காகத்தான். இரண்டில் ஒன்று, எது என்று தெரியாது என்பதற்கு ஒரு பெயர். தொலைபேசியில் குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் செயலிகள் இப்போது வந்துவிட்டன. நானும் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறேன். வாய் திறக்காத பறவைக்கு முன்னால் அதுவும் என்னைப் போலத்தான் நிற்கும்.

மாமாவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. கனடாவுக்கு வந்த காலத்தில் இரவில் அலுவலகங்கள் துப்பரவு செய்து, பிறகு தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓய்வெடுத்த பிறகு தொடங்கிய கொப்பி. இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் நடக்கச் சொன்னார்களாம். நடந்த இடத்தில் பறவை பார்க்கிறவர்களோடு பழக்கமானாராம். திகதி, இடம், பறவை, எண்ணிக்கை என்று நாலு நிரல். எழுத்து தமிழ். ஓகஸ்ட் மாதப் பக்கங்களில் அடிக்கடி வரும் வரி: 'ட்ரெயில் 1. கதைக்கேல்லை.'

திரும்பி வந்து நாலு மாதத்துக்குப் பின், ஒக்டோபர் கடைசியில், கிளிநொச்சியில் அக்கா வீட்டு முற்றத்தில் மழைக்கு முன்னான மங்கலில் இருந்தேன். வேலிக்கரைப் பற்றைக்குள்ளிருந்து இரண்டு அசை விசில் ஒன்று வந்தது. ஆறுமணிக்குருவி. ஒவ்வொரு வருடமும் இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும், விடியலிலும் பொழுதுபடுகையிலும் கத்தும் பறவை. ஒன்பது நிறம் உடம்பில் இருந்தும் கண்ணில் படுவது அரிது. ஆல்டரும் வில்லோவும் சேர்ந்த பெருங்கிளையில், பாடும் பறவைகளுக்கு வெளியே நிற்கிற அந்தக் கிளையில், இலங்கைக்கு வரும் ஒரே பறவை இதுதான் என்று அந்த வாசிப்பில்தான் அறிந்திருந்தேன். தொலைபேசியை வேலியோரம் நீட்டி அரை நிமிடம் பதிவு செய்து மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அங்கே காலை. பார்த்துவிட்டார் என்று நீல அடையாளம் விழுந்தது. நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குரல் செய்தி ஒன்று வந்தது.

"பிள்ளை, காத்துச் சத்தம் கூட. நாளைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் எடு."